இரவில்தான் வேலை ஓடுகிறது, உடம்பும் கெடக் கூடாது. என்ன செய்யலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: இரவு பத்து மணிக்கு மேல்தான் உங்களுக்கு வேலை சுறுசுறுப்பாக நடக்கிறது, பகலில் பாதிகூட முடிவதில்லை. இப்படியே தொடர்ந்தால் உடம்பு கெட்டுவிடுமா, கெடாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? கூடவே ‘இந்தக் கெட்ட பழக்கத்தை விட முடியவில்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி உங்களுடையது மாதிரி தெரியவில்லை. வீட்டில் யாரோ திரும்பத் திரும்பச் சொல்லி, அது உங்கள் வாயிலும் வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் வீட்டிலிருந்தபடியே புத்தகங்களுக்கு லே-அவுட் செய்கிறேன், மெய்ப்பும் பார்க்கிறேன். கல்லூரி முடித்த காலத்திலிருந்து எனக்கு வேலை நேரம் இரவுதான். ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி வரை. இரண்டரைக்குப் படுத்து ஒன்பதரைக்கு எழுவேன். தனியாக இருப்பவர்களுக்குத்தான் இதெல்லாம் சரிப்படும் என்று சிலர் சொல்வார்கள். மாமியார், கணவர், பள்ளிக்குப் போகும் மகள் எல்லோரும் இருக்கிற வீட்டில்தான் இதைச் செய்கிறேன்.

மெய்ப்பு பார்க்கிறவர்களுக்கு இரவின் அருமை தெரியும். பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பில் ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும். ஒற்று காணாமல் போயிருக்கும். பழகிய கண் இதையெல்லாம் சரியாகவே படித்துக்கொண்டு போய்விடும் என்பதுதான் ஆபத்து. பகலில் குக்கர் விசில், கூரியர்காரர், கேஸ் சிலிண்டர், பக்கத்து வீட்டு அக்கா என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிட்டு வந்தால் எந்த வரியில் விட்டோம் என்பதே நினைவிருக்காது. இரவு பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை எனக்கு ஒரு பிழையும் தப்பாது. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

கல்யாணமான புதிதில் இது வீட்டில் பெரிய விஷயமாகிவிட்டது. ஆண்பிள்ளை இரவெல்லாம் விழித்து வேலை செய்தால் ‘பாவம், எவ்வளவு உழைக்கிறான்’ என்பார்கள். மருமகள் ஒன்பதரைக்கு எழுந்தால் பேச்சே வேறு. “ஏத்தா, அதே வேலையைக் காலையில நாலு மணிக்கு எந்திரிச்சுச் செஞ்சா என்ன? நாங்கள்லாம் அப்படித்தான செஞ்சோம்?” என்பார் அத்தை. கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. வாசல் தெளிப்பு, கோலம், பால், அடுப்பு என்று அவருடைய நாள் நாலு மணிக்கே தொடங்கிவிடும். அவர் சொன்னதற்காகச் சில மாதம் அப்படியும் செய்து பார்த்தேன். ஒன்பது மணிக்கே படுத்தாலும் ஒரு மணிக்கு முன்னால் தூக்கம் வரவில்லை. நாலு மணிக்கு அலாரம் அடித்துவிடும். தூக்கம் மூன்று மணி நேரமாகக் குறைந்ததே தவிர, வேலை ஒரு பக்கம்கூடக் கூடுதலாக நடக்கவில்லை.

இது சோம்பேறித்தனம் இல்லை. மூளையில் ஹைபோதலாமஸ் பகுதியில் ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்துதான் உடம்பின் கடிகாரம். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் கிடைத்தது. அதே ஆண்டு யங்கின் ஆய்வகம், தலைமுறையாகத் தாமதமாகவே தூங்கும் குடும்பங்களில் சிஆர்ஒய்1 என்ற மரபணுவில் ஒரு மாற்றத்தைக் கண்டது. எனக்கும் அது இருக்கிறது என்று சொல்லவில்லை, சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அச்சகத்தில் வேலை பார்த்த என் அப்பாவும் இரவு ஷிப்டைத்தான் கேட்டு வாங்குவார்.

மதுரையிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு, ஊர்க்காரர்களுக்கே தெரியாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் உயிரியல் கடிகாரத்தை ஆராய்ந்தார். ஜன்னலும் கடிகாரமும் இல்லாத தனியறையில் ஆட்களைத் தங்க வைத்து அவர்கள் எப்போது தூங்கி எப்போது விழிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மதுரையைச் சுற்றியுள்ள குகைகளில் வௌவால்களையும் வைத்து ஆராய்ந்தார்கள். வெளிச்சமே எட்டாத குகைக்குள் கூண்டில் இருக்கும் வௌவால்கூட, உடன் வாழும் மற்ற வௌவால்கள் போய்வருவதை வைத்துத் தன் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொண்டது. மற்ற வௌவால்கள் இல்லாத குகையில் அதன் நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போனது. இதைப் படித்தபோது எனக்குப் பட்டது என்னவென்றால், நாம் எந்த நேரத்தில் தூங்கினாலும் வீட்டில் உள்ளவர்கள் அதைத் தூக்கமாக மதிக்க வேண்டும். அது இல்லாமல் கதவை மட்டும் சாத்திக்கொண்டால் போதாது.

அப்புறம் சர்க்கரை விஷயம். ஒருமுறை முழு உடல் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 5.9 சதவீதம் என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். நான் முதலில் போன மருத்துவமனையில் டாக்டர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “ராத்திரி கண் முழிக்கிறதை நிறுத்துங்க, எல்லாம் சரியாயிரும்” என்றார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ‘நாங்க சொன்னப்ப கேட்டியா’ என்று சொல்ல ஒரு வாய்ப்பு.

மனசு கேட்காமல் வயதான ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அத்தையும் கூடவே வந்தார். அந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே “தினமும் ஒரே நேரத்துலதான் படுக்கிறீங்களா?” என்பதுதான். ஆமாம், ஞாயிற்றுக்கிழமைகூட அதே நேரம்தான் என்றேன். எத்தனை மணி நேரம் என்று கேட்டார். ஏழு என்றேன். உடனே அத்தை பக்கம் திரும்பி, “நீங்க எவ்வளவு நேரம்மா தூங்குவீங்க?” என்றார்.

“பத்துக்குப் படுத்தா நாலுக்கு எந்திரிச்சிருவேன்.”

“அப்ப உங்க மருமக உங்களைவிட ஒரு மணி நேரம்தான் கூடத் தூங்குது. வயசு வித்தியாசத்துக்கு அது சரியாத்தான இருக்கு?”

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். பதினொன்று ஆகிவிடும் என்றேன். ஏன் என்று கேட்டதற்கு அத்தையே பதில் சொன்னார்: “எல்லாருக்கும் போட்டுட்டுத்தான டாக்டர் அவ சாப்பிடணும்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “தூக்க நேரத்தை மாத்த வேண்டாம். சாப்பாட்டு நேரத்தை மாத்துங்க. ஏழரைக்கு இவங்க முதல்ல சாப்பிடட்டும்.” இரவு ஏற ஏற மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்கும், அது இன்சுலின் சுரப்பைக் குறைக்கும், அதனால் அதே சோறு முன்னிரவில் ஏற்றுவதைவிட நேரம் கழித்துச் சாப்பிட்டால் சர்க்கரையை அதிகம் ஏற்றும் என்று அத்தைக்குப் புரிகிற மாதிரி பொறுமையாக விளக்கினார். வீட்டில் பெண்கள் கடைசியாகச் சாப்பிடுவதை நாம் பண்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதை ஒரு டாக்டர் மருந்துச் சீட்டில் எழுதித் தடுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து ஏழரைக்கு நானும் மகளும் முதலில் சாப்பிடுகிறோம். பன்னிரண்டு மணிக்குப் பசித்தால் ஒரு டம்ளர் மோரோ, ஒரு கை வேர்க்கடலையோ போதும். மாலையில் அரை மணி நேரம் நடக்கவும் ஆரம்பித்தேன். அடுத்த ஆண்டு 5.6. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூக்க நேரத்தை மட்டும் மாற்றவே இல்லை.

வெயில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாமதமாக எழுகிறவர்களுக்கு வைட்டமின் டி கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிர் விடியற்காலை வெயிலில் மிகக் குறைவு. வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில்தான் அது அதிகம். நான் பதினொன்று வாக்கில் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறேன். எழுந்ததும் வெளிச்சத்தில் நிற்பது கடிகாரம் மேலும் பின்னால் போகாமல் பிடித்துவைக்கும், அதனால் ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் காபி குடிப்பேன். கடைசிக் காபி இரவு எட்டு மணிக்குள். குடித்து ஐந்து மணி நேரம் கழிந்தாலும் ஏறக்குறைய பாதி காஃபீன் உடம்பில்தான் இருக்கும். ஒரு மணிக்கு டீ போட்டுக் குடித்துவிட்டு மூன்று மணிக்குத் தூக்கம் வரவில்லை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, ஒன்றரைக்கு மேல் புது அத்தியாயத்தைத் தொட மாட்டேன். மூன்றிலிருந்து ஐந்து மணி வரை உடம்பின் வெப்பம் இறங்கிக் கவனமும் இறங்கும் நேரம். இரவு வேலைக்குப் பழகியவர்களும் அப்போது தடுமாறுவார்கள், வண்டி ஓட்டவே கூடாது. முடித்த கோப்பைக் காலை பத்து மணிக்குப் போகிற மாதிரி மெயிலில் நேரம் வைத்துவிடுவேன். இரண்டு மணிக்கு அனுப்பினால் ‘இன்னும் தூங்கவில்லையா’ என்று ஒரு பதில் வரும், அப்புறம் எந்த நேரத்திலும் அழைக்கலாம் என்று ஆகிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கையெழுத்துப் பிரதி டிசம்பர் நடுவில்தான் வரும். மூன்று விதமான எழுத்துருவில் வரும். கடைசி மெய்ப்பு முடிந்த பிறகு ஆசிரியர் நாற்பது பக்கத்தை மாற்றி எழுதி அனுப்புவார். பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலி பல ஆண்டுகளாக நகரவில்லை. திருத்தத்துக்குத் தனியாகக் கேட்டால் கோபம் வரும். புத்தகத்தில் ஒரு பிழை இருந்தால் மட்டும் லே-அவுட் செய்தவர் பெயர் ஞாபகத்துக்கு வரும். என்னைப் போன்றவர்களின் உடம்பைக் கெடுப்பது இரவு இல்லை, இந்த அவசரம்தான். டிசம்பரில் மட்டும்தான் எனக்கு இரண்டரை மணி நாலாகிறது, முதுகும் கண்ணும் வலிக்கின்றன.

என் கணவர் பாவம் என்று சிலர் நினைக்கலாம். நான் படுக்கும் முன் காய் நறுக்கி, மகளின் பை, தண்ணீர் பாட்டில், சீருடை எல்லாம் எடுத்துவைத்துவிடுவேன். காலையில் அவர் இட்லி ஊற்றி டப்பாவில் போட்டு வேன் ஏற்றிவிடுவார். மாலையிலிருந்து படிப்பும் சாப்பாடும் என் பொறுப்பு. எங்களுக்குள் இது கணக்காகத்தான் போகிறது.

இரவு வேலை புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லியிருக்கிறதே என்று கேட்பீர்கள். 2007இல் சொன்னது, 2019இல் மறுபடி உறுதி செய்தது: இரவு ஷிப்ட் வேலை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’. அதை நான் அலட்சியம் செய்யவில்லை. விடிய விடிய விழிப்பவர்களும், வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும் செவிலியர்களும் மில் தொழிலாளர்களும் படும் பாடு வேறு. இரண்டரைக்குப் படுத்து இருட்டறையில் ஏழு மணி நேரம் தூங்குகிறவரை அதே தட்டில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனாலும் அதற்காகவே விடியும் வரை உட்காருவதில்லை.

இருட்டறை என்றேன். கறுப்புத் துணி உள்பக்கம் தைத்த திரைச்சீலை போட்டிருக்கிறேன். சத்தம்தான் பிரச்சினை. ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரைதான் தடை. ஆறுக்கு மேல் தூங்குகிறவர்களுக்கு அந்தத் தடை உதவாது, ஆடி மாதத்தில் சொல்லவே வேண்டாம். காதில் பஞ்சும், மின்விசிறிச் சத்தமும்தான். விடியற்காலை முகூர்த்தம் இருந்தால் முதல் நாள் இரவு வேலை வைக்க மாட்டேன். திரும்பி வந்து மதியம் அரை மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, இரவு வழக்கமான நேரத்துக்கே படுப்பேன். பகலெல்லாம் தூங்கி ஈடுகட்டினால் அடுத்த சில நாளும் தள்ளாடும்.

இப்போது யாராவது காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் அத்தையே, “அவ ராத்திரி வேலை பாக்குறவ, பத்து மணிக்கு மேல வாங்க” என்று சொல்லி அனுப்புகிறார்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் படுக்கும் நேரம் தினமும் ஒன்றுதானா, படுத்தால் தூக்கம் வருகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தலாம். படுத்தும் விடியும் வரை புரள்கிறீர்கள், அல்லது ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது, குறட்டை பலமாக இருக்கிறது என்றால் அது இரவில் வேலை ஓடும் இயல்பு இல்லை. அதற்குத் தூக்கச் சிகிச்சை தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். போகும்போது இரண்டு வாரம் எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.