நட்பு நாட்டு விமானப்படைக்குப் பாடம் எடுக்க உரிமம் வேண்டுமா?

கேள்வி: அமெரிக்க விமானப்படையில் பயிற்றுநர்களாக இருந்து ஓய்வு பெற்ற சிலர் சேர்ந்து டெக்சாஸில் சிறிய நிறுவனம் நடத்துகிறோம். தங்கள் போர் விமானிகளுக்கு வான்சண்டைப் பயிற்சி தர முடியுமா என்று ஜப்பான் விமானப்படைத் தரப்பில் விசாரிக்கிறார்கள். மாதிரிப் பாடத்திட்டமும் கேட்கிறார்கள். அதில் இருப்பதெல்லாம் புத்தகங்களில் கிடைப்பதுதான். நட்பு நாடும்கூட. அனுப்பிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி நீங்கள் எடுக்கப்போகும் பாடமே ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ‘ஐடார்’ எனப்படும் ஆயுத வர்த்தக விதிகள், வெளிநாட்டுப் படைகளுக்குத் தரும் ராணுவப் பயிற்சியைப் ‘பாதுகாப்புச் சேவை’ என்றே வகைப்படுத்துகின்றன. வகுப்பு, அஞ்சல்வழிப் பாடம், ஒத்திகை, ராணுவ ஆலோசனை எல்லாம் அதில் அடக்கம். ஜப்பானிய விமானி டெக்சாஸுக்கே வந்து உங்கள் வகுப்பில் உட்கார்ந்தாலும் உரிமம் வேண்டும்.

‘புத்தகத்தில் இருப்பதுதானே’ என்ற வாதம் இங்கே எடுபடாது. பொதுவெளித் தகவலுக்கு விலக்கு உண்டு. அதை வைத்து ஒரு படைக்குப் பயிற்சி கொடுத்தால் அது சேவை ஆகிவிடும். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது. அமெரிக்க மரைன் படையின் முன்னாள் விமானி ஒருவர் 2022 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் கைதானார். சீன விமானிகளுக்கு உரிமமின்றிப் பயிற்சி கொடுத்தார் என்பது அமெரிக்காவின் குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார். ஜப்பான் விஷயம் வேறுதான். நட்பு நாடு என்றால் உரிமம் கிடைப்பது எளிது. உரிமமே தேவையில்லை என்று ஆகிவிடாது. ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் 2024 செப்டம்பரில் வந்த உரிம விலக்கு ஜப்பானுக்குப் பொருந்தாது.

முதலில் வெளியுறவுத் துறையின் பாதுகாப்பு வர்த்தகக் கட்டுப்பாட்டு இயக்குநரகத்தில் நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பிறகு ஜப்பான் தரப்போடு செய்யப்போகும் ‘தொழில்நுட்ப உதவி ஒப்பந்தம்’ ஒன்றை வரைந்து அந்த இயக்குநரகத்தின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராமல் அது நடைமுறைக்கு வரக்கூடாது. இந்த வரைவில்தான் உங்கள் உழைப்பு முழுவதும் போக வேண்டும். யார் பாடம் எடுக்கிறார், எங்கே, எந்த விமானத்தில், எந்த ஆழம் வரை என்று விலாவாரியாக எழுதுங்கள். உதாரணமாக, அடிப்படை வான்சண்டைக்கு மட்டும் ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பறந்து இறங்கியபின் நடக்கும் அலசலில் ஒரு மாணவர், ரேடார் ஏவுகணையிலிருந்து தப்புவது எப்படி என்று கேட்கிறார். அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். பதில் சொல்ல ஆசைப்பட்டால் முதலில் ஒப்பந்தத்தைத் திருத்தி ஒப்புதல் வாங்குங்கள். இதை ஒவ்வொரு பயிற்றுநருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இன்றைக்கு அவர்களுக்கு என்ன அனுப்பலாம்? நிறுவன அறிமுகம், பயிற்றுநர்களின் அனுபவம், பயிற்சிகளின் தலைப்பு, கால அளவு போன்ற பொதுவான விவரங்கள் போதும். எந்த வேகத்தில் திரும்ப வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று சொல்லும் பக்கங்கள் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

இன்னொரு வழி, அரசுக்கு அரசு நடக்கும் எஃப்.எம்.எஸ். எனப்படும் வெளிநாட்டு ராணுவ விற்பனை. ஜப்பான் அமெரிக்க அரசுக்குக் கோரிக்கைக் கடிதம் கொடுக்கும். அமெரிக்க அரசு விலையோடு பதில் தரும். நீங்கள் அமெரிக்க அரசின் ஒப்பந்ததாரர் ஆவீர்கள். வாங்குபவர் 3.2 சதவீத நிர்வாகக் கட்டணமும் செலுத்த வேண்டும். அமெரிக்கத் தளமும் அமெரிக்கப் படையின் பயிற்றுநர்களும் வேண்டுமென்றால் இதுதான் பாதை. சிங்கப்பூர் விமானிகள் 1993-இல் தொடங்கி அரிசோனாவின் லூக் தளத்தில் இப்படித்தான் எஃப்-16 போர் விமானம் பழகி வந்திருக்கிறார்கள். உங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு, முதலில் சொன்னபடி நீங்களே ஒப்பந்தம் போடும் நேரடி விற்பனையே தோது என்பது என் கருத்து. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிவிக்கும் நடைமுறை, ஜப்பானுக்கான சேவைகளில் 10 கோடி டாலரில்தான் தொடங்குகிறது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

டோக்கியோவில் முகவர் வைத்தால், விற்பனை 5 லட்சம் டாலரைத் தொடும்போது அமெரிக்க வெளியுறவுத் துறை கமிஷன் விவரம் கேட்கும். முதல் நாளிலிருந்தே கணக்கு எழுதுங்கள். ஓய்வூதியம் வாங்கும் உங்களில் யாரையாவது ஜப்பான் அரசே நேரடியாக வேலைக்கு எடுப்பதானால், விமானப்படைச் செயலரின் ஒப்புதலும் வெளியுறவுத் துறையின் ஒப்புதலும் தனியாக வேண்டும். நிறுவன லாபத்தில் பங்கு பெறுபவருக்கும் இது பொருந்துமா என்பதை ஒப்பந்தம் போடுமுன் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாவிட்டால் ஓய்வூதியமே பிடித்தம் ஆகலாம்.