"பொடி கசக்குதுங்க" என்று மனைவி சொன்னால்...

கேள்வி: எனக்கு வயது 51. மில் வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போன தை மாதம் வீட்டிலேயே மசாலா பொடி அரைத்து விற்க ஆரம்பித்தேன். சாம்பார் பொடி என் அம்மாவின் பக்குவம். சொந்தபந்தம், நண்பர்கள் என்று எல்லோருக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தேன், பிரமாதம் என்றார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தபோது அவன் எதிரிலேயே என் மனைவி, "பொடி கசக்குதுங்க, வெந்தயம் கருகிப் போச்சு. இத நானே காசு குடுத்து வாங்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. கட்டிய மனைவியே நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று நினைத்தால் தொழில் எப்படி ஓடும்? "சிரிச்சுட்டு விடுப்பா" என்கிறார்கள் நண்பர்கள். எப்படிச் சிரிப்பது?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பாருங்கள் நண்பரே. மனைவி சொன்னதாக நீங்கள் எழுதியிருப்பது மூன்றே விஷயம்: பொடி கசக்கிறது, வெந்தயம் கருகியிருக்கிறது, தானே இதை வாங்க மாட்டார். மூன்றும் பொடியைப் பற்றியவை. "எதற்கும் லாயக்கில்லாதவன்" என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, அதை நீங்கள் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு வாரமாக உங்களைக் குத்திக்கொண்டிருப்பதும் அவர் சொல்லாத அந்த வார்த்தைதான்.

அது ஏன் வந்தது என்பதும் புரிகிறது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு ஐம்பது வயதில் ஒரு தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள், இது சரிப்பட்டு வருமா என்ற பயம் உள்ளே இருக்கத்தான் செய்யும். அதன் மேல் அம்மாவின் பக்குவம் வேறு. பொடியைக் குறை சொன்னால் அம்மாவையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். ஆனால் வீட்டுக்குக் கால் கிலோ வறுப்பதும் விற்பனைக்குப் பத்து கிலோ வறுப்பதும் ஒன்றில்லை. பெரிய இரும்புக் கடாய் அடுப்பை அணைத்த பிறகும் வெகு நேரம் சூடாக இருக்கும், பொன்னிறத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்த வெந்தயம் அந்தச் சூட்டிலேயே செக்கச்செவேலென்று போய், கசப்பு ஏறிவிடும். மல்லி, மிளகாய், பருப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்தால்கூட வெந்தயத்தைச் சட்டென்று தட்டில் கொட்டி ஆறவிடாவிட்டால் மொத்தப் பொடியும் கெட்டுவிடும். உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் அம்மாவின் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை, அளவு மாறியபோது வறுக்கும் முறையையும் மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய தகவலை உங்கள் மனைவி ஒரே வரியில், இலவசமாகச் சொல்லியிருக்கிறார்.

பிரமாதம் என்று சொன்ன சொந்தக்காரர்களும் இலவசமாகத்தான் சொன்னார்கள், ஆனால் அதற்கு முன்பு ஒரு பாக்கெட்டும் இலவசமாக வாங்கியிருந்தார்கள். கையில் பொடியைக் கொடுத்துவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டால் யார்தான் முகத்துக்கு நேரே கசக்கிறது என்பார்கள்? அவர்களில் எத்தனை பேர் இரண்டாவது பாக்கெட்டுக்குப் பணத்தோடு வந்தார்கள் என்று பாருங்கள், அதுதான் கணக்கு. கடையில் வாங்குகிறவர் உங்களிடம் வந்து வெந்தயம் கருகியிருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. அடுத்த தடவை வேறு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார், ஏன் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அமெரிக்காவின் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்த ஜான் காட்மன் என்பவர், கணவன் மனைவி பேசிக்கொள்வதை வீடியோவில் பதிவு செய்து, அந்தத் தம்பதிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்தவர். குடும்பத்தைக் கெடுப்பதாக அவர் நான்கு பழக்கங்களைச் சொல்கிறார்: செய்த காரியத்தை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, இளக்காரமாகப் பேசுவது, எதைச் சொன்னாலும் உடனே எதிர்வாதம் செய்வது, பேச்சையே நிறுத்திவிட்டுச் சுவர் மாதிரி இருப்பது. உங்கள் மனைவி சொன்னது முதல் வகையில்கூடச் சேராது, அவர் குறை சொன்னது பொடியை. ஆனால் ஒரு வாரமாக நீங்கள் செய்வது அந்த நான்காவது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் இதை நேராகச் சொல்கிறேன்.

அந்த நிமிடத்தில் சுர்ரென்று ஏறுவதை யாராலும் தடுக்க முடியாது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிப் படபடவென்று அடிக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருந்துவிட்டு வந்து பேசுங்கள் என்பதும் காட்மன் சொல்வதுதான். மொட்டை மாடிக்குப் போங்கள், செடிக்குத் தண்ணீர் விடுங்கள். ஆனால் "அரை மணி நேரத்துல வர்றேன், அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போவதுதான் மனைவிக்கு வலிக்கும்.

இப்போது சிரிப்புக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்கிற "சிரிச்சுட்டு விடு" எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் விட்டுவிட்டால் பொடி அப்படியே கசந்துகொண்டுதான் இருக்கும். சிரித்துவிட்டு அவர் சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிரிப்பு மனைவியைப் பார்த்துச் சிரிப்பதாகவும் இருக்கக் கூடாது. "ஆமா, பெரிய சமையல் ராணி சொல்லிட்டாங்க" என்பதும் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியதுதான், ஆனால் அது நக்கல், அதோடு அவர் உங்களிடம் உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார். "போன வாரம் உன் ரசத்துல உப்பு தூக்கலா இருந்துச்சே, நான் ஏதாவது சொன்னேனா?" என்பதும் வேண்டாம். அதற்குப் பதிலாக, "அடக் கடவுளே, பத்து கிலோ அரைச்சுட்டேனே! சரி, இன்னும் என்னென்ன குறை இருக்கு, ஒரேயடியா சொல்லிடு" என்று கேட்டுப் பாருங்கள். அவரும் சிரிப்பார், கூடவே மல்லி வாசம் போதவில்லை என்றோ மிளகாய் நிறம் வரவில்லை என்றோ இன்னும் இரண்டு விஷயம் சொல்வார். அவ்வளவும் உங்களுக்கு வேண்டிய விஷயம்.

மச்சினன் எதிரில் சொன்னது உங்களைச் சங்கடப்படுத்தியிருக்கிறது, அது நியாயமான வருத்தம். அதை மனதில் வைத்துக்கொண்டு புழுங்காமல் தனியாக இருக்கும்போது சொல்லிவிடுங்கள்: "நீ சொன்னது சரிதான், ஆனா அடுத்தவங்க எதிர்ல வேண்டாம், நாம ரெண்டு பேரும் இருக்கறப்ப சொல்லு." முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லாதீர்கள்.

நாள் தவறாமல் மட்டம் தட்டுவதையே வழக்கமாக வைத்திருப்பவர்கள் உண்டு, அதைச் சிரித்துப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். இரண்டு கிலோவுக்கு மட்டும் சாமான் எடுத்து, மனைவியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, வெந்தயத்தைக் கடைசியில் தனியாக வறுங்கள். எப்போது இறக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். அரைத்து ஆறிய பிறகு ஒரு சாம்பார் வைத்து, காசு கொடுத்து வாங்குவாயா என்று அவரையே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த இரண்டு கிலோவுக்குச் சாமான் எடுங்கள்.