பயிற்சியில் தீங்கு நேர்ந்தால் வழக்குத் தொடுக்க முடியுமா?

கேள்வி: என் மகன் விரைவில் சிங்கப்பூரின் கட்டாயப் படைச் சேவையான தேசிய சேவையில் சேரவிருக்கிறான். பயிற்சியில் இறந்த ஒரு சேவையாளரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததாக அறிந்தேன். அதிகாரியின் கவனக்குறைவால் பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால், சட்டத்தில் வழியே இல்லையா?
– ஒரு தாயார், ஈசூன்

பதில்: இழப்பீட்டு வழக்கு என்ற வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது, மற்ற வழிகள் திறந்தே இருக்கின்றன.

தாங்கள் குறிப்பிடும் தீர்ப்பு 2016 மார்ச் மாதம் வந்தது. 2012இல் நடந்த பயிற்சி ஒன்றில், இரண்டு புகைக்குண்டுகளுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்றிருந்தும் ஆறு பயன்படுத்தப்பட்டன. புகையிலிருந்த துத்தநாகக் குளோரைடால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு முழுநேரத் தேசிய சேவையாளர் ஒருவர் இறந்தார். ஆயுதப் படையின்மீதும் அதிகாரிகள் இருவர்மீதும் குடும்பத்தார் தொடுத்த வழக்கு முழு விசாரணைக்கே செல்லவில்லை. பணியில் இருக்கும் படையினர் ஒருவரின் செயலால், பணியில் இருக்கும் இன்னொருவர் இறந்தாலோ காயமுற்றாலோ, அது சேவையால் நேர்ந்ததென்று ஓய்வூதிய விதிகளுக்காக ஏற்கப்படும் நிலையில், அரசாங்கத்தின்மீதோ அந்தப் படையினர்மீதோ இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்று அரசாங்க வழக்குகள் தொடர்பான சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகிறது. அந்தச் செயல் கடமையோடு தொடர்பற்றது என்று நீதிமன்றம் கருதினால், அதைச் செய்தவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

வழக்குக்கு அஞ்சி அதிகாரிகள் தயங்கினால் பயிற்சி உண்மையான போர்ச்சூழலை ஒத்திருக்காது என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதில் உண்மை உண்டு. ஆயினும், இந்தப் பிரிவுக்கு மூலமாக அமைந்த பிரிட்டனின் 1947ஆம் ஆண்டுச் சட்டவிதியை, படையில் விரும்பிச் சேர்ந்தவர்களுக்கே அது அநீதி என்று கருதி, அந்நாட்டு நாடாளுமன்றம் 1987இல் நிறுத்திவைத்தது. இங்கோ, சேர மறுத்தால் தண்டனை உண்டு என்ற நிலையில் நம் பிள்ளைகள் சேவைக்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் உரிமையாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டத்தின் வாசகம் தெளிவாக இருப்பதால் நீதிபதிகளால் இதை மாற்ற இயலாது. நாடாளுமன்றமே மாற்ற வேண்டும். தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்தித்து இதைத் தயங்காமல் எடுத்துரையுங்கள்.

இந்தப் பிரிவு குற்றவியல் வழக்கைத் தடுப்பதில்லை. பயிற்சி மரணங்கள் தொடர்பாக அதிகாரிகள்மீது குற்றம் சாட்டப்பட்டதுண்டு. மரண விசாரணையும் தடைபடாது. ஓய்வூதிய விதிகளின்கீழ் இழப்பீடும் உண்டு. அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நல்லது.

மகனுக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால், சேவைக்கு முந்தைய மருத்துவப் பரிசோதனையிலேயே ஆவணங்களுடன் தெரிவித்துவிடுங்கள்.