‘புட் அவுட்’: தீயை எங்கே வைப்பது?

கேள்வி: ‘புட்’ என்றால் வை, ‘அவுட்’ என்றால் வெளியே. ‘புட் அவுட் த ஃபயர்’ எப்படித் தீயை அணைப்பது ஆயிற்று?

பதில்: சொல் சொல்லாகப் பிய்த்தால் தீயைத் தூக்கி வாசலில் வைக்க வேண்டியதுதான். இங்கே ‘அவுட்’ எரியாமல் ஓய்ந்த நிலை. ‘த ஃபயர் இஸ் அவுட்’ என்றால் தீ அணைந்துவிட்டது. அந்த நிலைக்கு ஒருவர் கொண்டுவந்தால் ‘புட் அவுட்’, தானாகப் போனால் ‘கோ அவுட்’. அணைத்தேன், அணைந்தது என்று நாம் ஓர் எழுத்தில் முடிப்பதற்கு அவர்களுக்கு இரண்டு வினை தேவைப்படுகிறது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததா? ‘த ஃப்ளேம் வென்ட் அவுட்’. நீங்களே குமிழைத் திருகினால் ‘டர்ன் ஆஃப்’. மெழுகுவர்த்தியை ஊதினால் ‘ப்ளோ அவுட்’.

ஒன்றை மட்டும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்: ‘இட்’ வந்தால் நடுவில்தான் வரும். ‘புட் இட் அவுட்’. ‘புட் அவுட் இட்’ கிடையவே கிடையாது.

கேள்வி: இறந்த காலம் ‘புட்டட்’ தானே சார்?

பதில்: இல்லை. அப்போதும் ‘புட்’தான்.

கேள்வி: வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’, காகிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’. ஏன்?

பதில்: கட்டடம் இடிந்து தரைமட்டமாகிறது, அதனால் ‘டவுன்’. ‘அப்’ என்பது மிச்சமில்லாமல் என்பதற்கு, ‘ஈட் அப்’ மாதிரி. 1666இல் லண்டனில் புட்டிங் லேன் ரொட்டிக் கடையில் பிடித்த தீயில் சுமார் 13,200 வீடுகள் போயின. அவை ‘பர்ன் டவுன்’ ஆனவை.

கேள்வி: ‘புட் அவுட் இட்’ என்று எழுதலாமா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: சாமி விளக்கை ‘அணை’ என்று சொன்னால் பாட்டி திட்டுவார். ஆங்கிலத்தில் நாசூக்காக என்ன சொல்வது?

பதில்: ‘புட் அவுட்’தான். வீடு பற்றினாலும் சிகரெட்டானாலும் அவர்களுக்கு அதே சொல். நாம்தான் எரிவது எது என்று பார்த்து, விளக்கு மலையேறிவிட்டது, குளிர்ந்துவிட்டது என்கிறோம்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘லைட்டை நூருங்கோ’ என்போம். அதை விட்டுவிட்டீர்களே?

பதில்: நல்ல சொல். கரண்ட் விளக்குக்கு ‘ஸ்விட்ச் ஆஃப்’ போடுங்கள்.

கேள்வி: எங்கள் வாத்தியார் ‘புட் ஆஃப் த லைட்’ என்றுதான் சொல்லிக்கொடுத்தார். அது தப்பா?

பதில்: தப்பில்லை, பிரிட்டனிலும் சொல்வார்கள். ‘ஆஃப் த லைட்’ என்று வினையையே விழுங்குவதுதான் தப்பு. ஆனால் ‘புட் ஆஃப் த மீட்டிங்’ என்றால் கூட்டத்தைத் தள்ளிப்போடுவது. விளக்கோடு குழப்பாதீர்கள்.

கேள்வி: சார், ‘புட் அவுட் இட்’ சரியா?

பதில்: நடுவில், நடுவில், நடுவில்.

கேள்வி: ‘ஐ ஆம் புட் அவுட்’ என்றால் என்னை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தமா?

பதில்: மனம் சுளித்துப்போயிருக்கிறேன் என்று அர்த்தம். இதற்கு முந்தைய கேள்வியைப் படித்தபோது எனக்கு வந்தது அதுதான்.