பி பக்கத்துக்கு ஒரு பாட்டு

அன்புள்ள சார்,

போன வாரக் கட்டுரையில் போகிறபோக்கில் டிராவலிங் வில்பரீஸ் குழுவின் முதல் ஆல்பத்தைப் புகழ்ந்திருந்தீர்கள். உங்களை நம்பி இரண்டு முறை கேட்டேன். ஏமாற்றம்தான். ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், ராய் ஆர்பிசன், டாம் பெட்டி, ஜெஃப் லின் என்று ஐந்து ஜாம்பவான்கள் சேர்ந்து இவ்வளவு சின்னச் சின்னப் பாட்டுகளா? இதில் ஒன்றுகூட டிலனின் நல்ல பாட்டுக்கோ ஹாரிசனின் நல்ல பாட்டுக்கோ பக்கத்தில் வராது. பெரிய பெயர்களை ஒரே அட்டையில் போட்டு கம்பெனி விற்ற சரக்கு என்றுதான் தோன்றியது. ஏற்கெனவே பேர் வாங்கியவர்கள் சேர்ந்து போடும் சூப்பர்குரூப் என்றாலே இப்படித்தானா, இல்லை நான் எதையாவது தவறவிட்டேனா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் சொன்னதில் பாதி சரி. சின்னப் பாட்டுகள்தான். பத்துப் பாட்டும் சேர்ந்து 36 நிமிடம் சொச்சம். எட்டாவதாக வரும் 'மார்கரிட்டா'வை நானே பல நாள் தாண்டிப் போய்விடுவேன். ஆனால் 'கம்பெனி விற்ற சரக்கு' என்கிறீர்களே, அந்தப் பாதியில்தான் எனக்குச் சண்டை. முதலில் ஒரு சின்ன விஷயம்: அந்த அட்டையில் படம் உண்டு, ஐந்து பேரின் பெயர் கிடையாது. உள்ளேயும் கிடையாது. நெல்சன், ஓடிஸ், லக்கி, லெஃப்டி, சார்லி டி. ஜூனியர் என்று ஐந்து வில்பரி சகோதரர்கள், ஒரே அப்பா, அம்மாக்கள் வேறு என்று ஒரு கதை கட்டிவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். பெயரை விற்கிறவன் பெயரை மறைப்பானா?

நடந்த கதை இதுதான். 1988 ஏப்ரல், லாஸ் ஏஞ்சல்ஸ். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு ஹாரிசன் முந்தைய வருடம் 'கிளவுட் நைன்' ஆல்பம் போட்டிருந்தார், தயாரிப்பில் கூட இருந்தவர் ஜெஃப் லின். அதிலிருந்து 'திஸ் இஸ் லவ்' பாட்டைத் தனி சிங்கிளாக வெளியிட ஏற்பாடு. சிங்கிளின் பி பக்கத்துக்கு ஏதாவது ஒன்று வேண்டும். பி பக்கம் என்றால் தட்டின் மறுபக்கம், யாரும் கேட்காத பக்கம், எதையாவது போட்டு நிரப்பினால் போதும். லின் அப்போது ஆர்பிசனுக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். மூவரும் சாப்பிடப் போன இடத்தில், நாளைக்கே பதிந்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அவசரத்துக்கு ஸ்டூடியோ எங்கே கிடைக்கும்? மாலிபுவில் டிலன் வீட்டு கராஜில் ஒன்று இருந்தது, அவருக்குப் போன் போட்டார்கள். ஹாரிசனின் கிட்டார் டாம் பெட்டி வீட்டில் கிடந்தது, எடுக்கப் போன இடத்தில் பெட்டியும் கூட வந்துவிட்டார். உலகத்தில் எந்தக் கம்பெனியும் இப்படி ஒரு திட்டம் போடாது. பாட்டுக்குப் பெயரும் அந்தக் கராஜில் கிடந்த ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து வந்ததுதான். பார்சல் மேல் 'கவனமாகக் கையாளவும்' என்று ஒட்டியிருப்பார்களே, அதுதான் 'ஹேண்டில் வித் கேர்'. அதைக் கேட்ட ரெக்கார்டு கம்பெனி வார்னர் பிரதர்ஸ்காரர்கள், இதைப் போய் பி பக்கத்தில் புதைப்பதா என்று சொல்லிவிட்டார்கள். சரி, இன்னும் ஒன்பது பாட்டு போட்டால் ஆல்பமாகிவிடுமே என்றார் ஹாரிசன். கம்பெனியின் பங்கு அவ்வளவுதான்.

அப்புறம் ஆனஹைமில் ஆர்பிசன் கச்சேரிக்குக் காரில் போய், மேடைக்குப் பின்னால் அவரைப் பிடித்து, எங்கள் குழுவில் சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஹாரிசன் பீட்டில்ஸ் குழுவில் ஒருவர், ஆனாலும் ஆர்பிசன் முன்னால் பள்ளிக்கூடப் பையன் போலத்தான் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். 1963-ல் பீட்டில்ஸ் இங்கிலாந்தில் அவரோடு ஒரே மேடைகளில் சுற்றியவர்கள், அந்தக் குரலுக்குப் பிறகு மேடையேறுவது என்னவென்று தெரிந்தவர்கள்.

ஜூனில் டிலன் சுற்றுப்பயணம் கிளம்பியாக வேண்டும், அதனால் மே மாதத்தில் பத்து நாள் போலத்தான் கிடைத்தது. யூரித்மிக்ஸ் குழுவின் டேவ் ஸ்டூவர்ட்டின் வீட்டுச் சமையலறையில் வட்டமாக உட்கார்ந்து ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்தார்கள். ஆல்பம் முழுக்க அடியில் ஓடும் அந்தச் சரசரப்பு அதுதான், ஹெட்போனில் ஒருமுறை கவனியுங்கள். டிரம்ஸ் ஜிம் கெல்ட்னர். 'ராட்டில்ட்' பாட்டில் அவர் ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்த கம்பித் தட்டில் குச்சியால் வாசித்திருக்கிறார். 'டர்ட்டி வேர்ல்ட்' வரிகளுக்கு அங்கே கிடந்த பத்திரிகைகளைப் புரட்டி வார்த்தை பொறுக்கியிருக்கிறார்கள். பிறகு ஹாரிசன் இங்கிலாந்தில் தன் வீட்டு ஸ்டூடியோவுக்கு எல்லாவற்றையும் கொண்டுபோய், லினோடு சேர்ந்து மெருகேற்றினார். கொஞ்சம் அதிகமாகவே மெருகேற்றிவிட்டார்கள், லின் கை பட்டால் எல்லா டிரம்ஸும் ஒரே மாதிரி ஆகிவிடும், அதை நீங்கள் குறையாகச் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு ஒத்துக்கொண்டிருப்பேன்.

சூப்பர்குரூப் என்றாலே இப்படியா என்று கேட்டீர்கள். வழக்கமாக எப்படி என்பதற்கு பிளைண்ட் ஃபெய்த் குழுவைப் பாருங்கள். 1969 ஜூனில் லண்டன் ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி, வந்தவர்கள் ஒரு லட்சம் பேர் என்கிறார்கள். எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெச். ஆகஸ்டில் வந்த ஆல்பம் அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டிலும் முதலிடம், அந்த மாதமே கடைசிக் கச்சேரியும் முடிந்துவிட்டது. மொத்தம் ஆறே பாட்டு, அதில் ஒன்று கால் மணி நேரம் ஓடும், ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம். அதிலும் நல்ல பாட்டு இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கேட்கும்போது நான்கு பேரின் தோளிலும் ஆளுக்கு ஒரு மூட்டை எதிர்பார்ப்பு இருப்பது தெரியும். வில்பரீஸ் தோளில் ஒரு பி பக்கம்தான் இருந்தது.

1988-ல் இந்த ஐந்து பேரின் நிலையையும் யோசித்துப் பாருங்கள். டிலன் அந்த மே மாதம் வெளியிட்ட ஆல்பத்தை விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். லின்னின் இ.எல்.ஓ. குழு கலைந்து இரண்டு வருடம். ஆர்பிசன் அறுபதுகளில் மனைவியையும் இரண்டு மகன்களையும் விபத்துகளில் பறிகொடுத்து, நீண்ட காலம் கண்ணில் படாமல் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தவர். மகத்தான பாட்டு எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் ஐந்து பேருமே திணறியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கல்யாண வீட்டில் பந்தியெல்லாம் முடிந்து, ராத்திரி பத்து மணிக்கு மாமன் மச்சான்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பாடுவார்களே, அதில் யாரும் யாரையும் ஜெயிக்கப் பாடுவதில்லை. ஆனால் கூட்டத்தில் நிஜமாகப் பாடத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், சரியான இடம் வரும்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். 'ஹேண்டில் வித் கேர்' முழுக்க அப்படித்தான். ஹாரிசன் தான் வாங்கிய அடிகளைப் பேச்சுக்குரலில் அடுக்கிக்கொண்டே போவார், சட்டென்று எல்லோரும் வழிவிட, தனிமை அலுத்துவிட்டது என்று ஆர்பிசன் குரல் எழும். அந்த இடத்தை அவர் குரலுக்காகவே ஹாரிசன் அமைத்தார். உடனே டிலனும் பெட்டியும் மூக்கால் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்து நம்மைத் தரைக்கு இறக்கிவிடுவார்கள். மூன்றரை நிமிடம்கூட இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ஊரில் ஒரு கடையில் காசெட் பதிந்து வாங்கினேன். அறுபது நிமிட காசெட், பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைக்காரர் ஆல்பத்தை ஏ பக்கத்தில் போட்டுவிட்டு, பி பக்கத்தில் நான் கேட்காத எதையோ நிரப்பிக் கொடுத்துவிட்டார். முதல் எட்டுப் பாட்டு இருபத்தேழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்பதாவது டிலன் பாடும் 'ட்வீட்டர் அண்ட் த மங்க்கி மேன்', நியூ ஜெர்சியில் போதைமருந்து விற்கும் இருவரின் கதை, நடு நடுவே அந்த மாநிலத்துக்காரரான பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டுப் பெயர்களைச் செருகி டிலன் விளையாடியிருப்பார். துரத்தல் சூடு பிடிக்கும்போது டேப் தீர்ந்து 'டக்' என்று நின்றுவிடும். அவர்கள் பிடிபட்டார்களா என்பது பல வருடம் எனக்குத் தெரியாது. போதாததற்கு அந்த ஆல்பம் தொண்ணூறுகளின் நடுவில் அச்சிலேயே இல்லாமல் போய், 2007-ல்தான் திரும்ப வந்தது.

அப்போது சிடி வாங்கி, கதையின் முடிவைத் தெரிந்துகொண்டு எழுந்திருக்கப் போனேன். பத்தாவது பாட்டு ஆரம்பித்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 'எண்ட் ஆஃப் த லைன்', ரயில் போகிற தாளத்தில், எல்லாம் சரியாகிவிடும் என்று மாறி மாறிப் பாடுகிறார்கள். ஆல்பம் வந்தது 1988 அக்டோபரில், ஆர்பிசன் மாரடைப்பில் இறந்தது டிசம்பர் 6, வயது 52. அதற்குப் பிறகுதான் இந்தப் பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். ரயில் பெட்டிக்குள் நால்வரும் வாசித்துக்கொண்டிருக்க, அவர் முறை வரும்போது ஆடும் நாற்காலி ஒன்றில் அவருடைய கிட்டார் மட்டும் இருக்கும். நான் கேட்டபோது ஹாரிசனும் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது.

மூன்றாவது முறை கேட்பீர்களானால் எட்டாவதைத் தாண்டிக்கொள்ளுங்கள். பத்தாவதைத் தாண்டாதீர்கள்.

அன்புடன்.