குதிகால் ரத்தப் பரிசோதனை: உங்கள் கேள்விகள்

குழந்தை மூன்று கிலோ, நன்றாகப் பால் குடிக்கிறாள். பிறகு எதற்குக் குதிகாலில் குத்த வேண்டும்? (திருப்பூர் வாசகி)

வெளியே தெரியாத பிறவிக் குறைபாடுகளைக் கண்டுபிடிக்கத்தான். பிறவித் தைராய்டு குறைபாடுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த புதிதில் இப்படித்தான் இருப்பார்கள். நம் நாட்டில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டுவிடும். குத்திவிடுங்கள்.

பேரனுக்கு டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது கூடும்) 24. பயப்பட வேண்டுமா?

எத்தனையாவது நாளில் எடுத்த ரத்தம்? குறைமாதக் குழந்தையா? எதையும் எழுதாமல் ஓர் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் என்ன சொல்ல? முதல் நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் டிஎஸ்ஹெச் எகிறும். அதே 24 பத்தாம் நாளில் என்றால் இன்றே மருத்துவரைப் பாருங்கள். அதனால்தான் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ரத்தம் எடுத்து மூன்று வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை. நார்மல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கூடவே கூடாது. என்னை அதிகம் கோபப்படுத்துவது இதுதான். சீட்டில் இருப்பது கணவர் வீட்டு முகவரி, கணவரின் பழைய நம்பர். குழந்தையோ அம்மா வீட்டில். ரிசல்ட் மோசமாக வந்தால் யாரைத் தேடுவது? தாத்தா பாட்டி நம்பரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். ஆஸ்பத்திரிகளையும் விடுவதாக இல்லை. ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய, ரத்தம் தோய்ந்த அட்டையை நாலைந்து சேரட்டும் என்று மேஜைக்குள் வைத்திருப்பவர்கள் உண்டு. தைராய்டுக்கு இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். கேலக்டோசீமியா (பாலில் உள்ள ஒரு சர்க்கரையை உடலால் பயன்படுத்த முடியாத பிறவிக் குறை) என்றால் தாய்ப்பாலே குழந்தைக்கு ஆகாது, சில நாட்களிலேயே ஈரல் கெட ஆரம்பித்துவிடும். நாளை காலையே நேரில் போய், ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள்.

சொந்தத்தில் திருமணம். முதல் ஆண் குழந்தை இரண்டாவது வாரத்தில் வாந்தி, எடைக்குறைவு என்று இறந்துவிட்டது. இப்போது மீண்டும் கர்ப்பம்.

மிகவும் வருந்துகிறேன், அம்மா. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் பிறவிக் குறைபாட்டில் உடல் உப்பை இழந்து இப்படி நேரலாம். பெண் குழந்தைகளிடம் பிறப்புறுப்பிலேயே மாற்றம் தெரியும், ஆண் குழந்தைகளிடம் பெரும்பாலும் தெரியாது. வேறு வளர்சிதைமாற்றக் கோளாறாகவும் இருக்கலாம். பரம்பரைக் காரணம் உறுதியானால், பெரும்பாலும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. பிரசவத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே மரபணு ஆலோசகரைப் பாருங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

ஜி6பிடி குறைவு என்கிறார்கள்.

ஜி6பிடி, ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி. அது குறைந்தால் சில பொருட்களாலும் மருந்துகளாலும் சிவப்பணுக்கள் உடையும். அதனால் பாச்சை உருண்டை வீட்டுக்குள் வரக் கூடாது. எந்த மருந்தானாலும், நாட்டு மருந்து உட்பட, டாக்டரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தைராய்டு மாத்திரையில் டிஎஸ்ஹெச் நார்மலாகிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நார்மலானதே மாத்திரையால்தான்! மூன்று வயதுவரை நீங்களாக நிறுத்தாதீர்கள். அப்புறம் தேவைப்பட்டால் மருத்துவரே நிறுத்திப் பார்ப்பார். மாத்திரையைப் பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலில் கொடுங்கள். பாட்டில் பாலில் கலக்க வேண்டாம். இரும்பு, கால்சியம் மருந்துகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.