பெரியவர்கள் வகுப்பை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தின் கத்தோலிக்கப் பங்கில் நான் பங்குப் பேரவைச் செயலாளர். தமிழ் ஆர்.சி.ஐ.ஏ. வகுப்பையும் (திருச்சபையில் சேர விரும்பும் பெரியவர்களுக்கான தயாரிப்பு வகுப்பு) பெரியவர்களுக்கான மறைக்கல்வியையும் பல வருடங்களாக நடத்தி வந்த உபதேசியார், உடம்பு முடியாமல் விலகிவிட்டார். புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தைக்குத் தமிழ் ஓரளவுதான் வரும். "நீங்களே ஓர் ஆளைச் சொல்லுங்கள்" என்கிறார். இரண்டு பெயர்கள் அடிபடுகின்றன. ஒருவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவர், மேடையில் அருமையாகப் பேசுவார், ஆனால் கோபக்காரர். இன்னொருவர் கிளினிக்கில் வேலை செய்யும் 38 வயதுப் பெண். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். இதே வகுப்பில் படித்து, ஒன்பது வருடங்களுக்கு முன் திருமுழுக்குப் பெற்றார். ஐந்து வருடங்களாக உபதேசியாருக்கு ஒத்தாசையாக இருந்தவரும் அவர்தான். "நேற்று வந்தவள் நமக்குப் பாடம் எடுப்பதா?" என்று சிலர் பேசுகிறார்கள். புதிதாக மனம் மாறியவரைப் பொறுப்பில் வைக்கக் கூடாது என்னும் 1 திமொத்தேயு 3:6-ஐ ஒருவர் எடுத்துக் காட்டினார். பேரவையில் ஓட்டெடுப்பு வைத்துவிடலாமா? அந்தப் பெண்தான் என்று முடிவானால் தலைமையாசிரியரிடம் எப்படிச் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

ஓட்டெடுப்பு வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்த கூட்டத்தில் யாராவது "கையைத் தூக்குங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்கள், இளையோர், சிறுவர் எல்லாருக்கும் மறைக்கல்வி கிடைக்கச் செய்வது பங்குத்தந்தையின் கடமை என்கிறது திருச்சபைச் சட்டம் 776. பங்குப் பேரவைக்கு ஆலோசனைக் குரல் மட்டுமே உண்டு என்கிறது 536. ஆகவே நீங்கள் விசாரித்து, யோசித்து, ஒரு பெயரைக் காரணத்தோடு சொல்லுங்கள். நியமிக்க வேண்டியவர் ஃபாதர். தமிழ் அவ்வளவாக வராது என்பதற்காக அவர் இதிலிருந்து ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ஓட்டில் தோற்றவரும் அவர் குடும்பமும் அடுத்த ஞாயிறு அதே கோயிலில்தான் வந்து உட்கார வேண்டும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் இதை ஒரு சில்லறைப் பதவி விவகாரமாக எடுத்துக்கொள்ளாமல் கடிதம் எழுதியது எனக்குச் சந்தோஷம். பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு என்றால் நம் பங்குகளில் ஆள் இருக்கும், பாடப் புத்தகம் இருக்கும், ஆண்டு விழா இருக்கும். பெரியவர்கள் வகுப்புக்கு மிச்சம் மீதி நேரம், மிச்சம் மீதி அறை. ஆனால் பெரியவர்களுக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் முதன்மையான வடிவம் என்று 1971-இலேயே ரோமின் மறைக்கல்வி வழிகாட்டி சொல்லிவிட்டது. 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் அதையே திரும்பச் சொன்னார். குடும்பத்தையும் வேலையையும் சுமக்கிறவர்கள் அவர்கள், நம்பிக்கையை முழுசாக வாழ்ந்து காட்டக் கூடியவர்களும் அவர்களே என்பது அவர் தந்த காரணம்.

சரி, யார் என்பதற்கு வருவோம். இந்த இருவரில் யாருக்கு அதிகம் தெரியும் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அறையில் வந்து உட்காரப் போகிறவர்களைப் பாருங்கள். கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகும் இந்துப் பையன். முதல் கணவர் விட்டுப் போய், இரண்டாவது வாழ்க்கையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் பெண். சின்ன வயதில் திருமுழுக்குப் பெற்று, தோட்ட லயத்திலிருந்து தாமான் குடியிருப்பு வீட்டுக்கு மாறிய பிறகு கோயில் பக்கமே வராமல், இப்போது மகளின் புதுநன்மைக்காக (முதல் நற்கருணைக்காக) திரும்பி வந்திருக்கும் ஆலைத் தொழிலாளி. இவர்கள் எல்லாரும் அந்த வாசற்படியில் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கால் வைக்கிறார்கள்.

ஒரு தோட்டப்புறப் பங்கில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்கச் சொன்னார் நடத்தியவர். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் அங்கே இருந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும். தன் முறை நெருங்க நெருங்கப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். முறை வந்ததும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "கண்ணாடிய வீட்டுல வெச்சிட்டு வந்துட்டேன் சார்" என்றார். "பரவாயில்ல, அடுத்த வாரம் மறக்காமக் கொண்டு வாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு நடத்தியவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த மனிதர் கண்ணாடியே போடுகிறவர் இல்லை. மலாய்ப் பள்ளியில் படித்தவர், அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மலாய் விவிலியத்தைக் கையில் கொடுத்திருந்தால் கணீரென்று வாசித்திருப்பார். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நடத்தியவர் கெட்டவர் இல்லை. விவிலியம் நன்றாகத் தெரிந்தவர். ஆனால் வளர்ந்த ஒரு மனிதருக்கு "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நீங்கள் தேட வேண்டிய முதல் குணம் இதுதான்: அவர் முன்னால் ஒரு பெரியவர் கூச்சப்படாமல் "தெரியாது" என்று சொல்ல முடிய வேண்டும்.

இரண்டாவது, வாய். சிறிய ஊர், எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். ஆர்.சி.ஐ.ஏ.வுக்கு வருகிறவர்கள் தங்கள் பழைய திருமணம், விவாகரத்து, பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்வது, குடிப்பழக்கம் எல்லாவற்றையும் ஒரு கட்டத்தில் வகுப்புத் தலைவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதில் ஒரே ஒரு விஷயம் ஒட்டுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அந்த வகுப்பு அதோடு முடிந்தது. அடுத்த வருடமும் ஆள் வராது. "ஜெபத்துக்காகச் சொல்றேன்" என்று ஆரம்பித்து அடுத்த வீட்டுக் கதையை வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் இந்தப் பொறுப்புக்கு வேண்டாம். உங்கள் இரண்டு பேரையும் இந்த விஷயத்தில் நன்றாக விசாரியுங்கள். கிளினிக்கில் வேலை செய்கிறவர் யாருக்கு என்ன நோய் என்று வெளியே சொல்கிறவரா என்று ஊருக்கே தெரிந்திருக்கும்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். செயலாளர் என்பதால் பழைய பதிவுப் புத்தகம் உங்களிடம் இருக்கும். அதில் வகுப்பைப் பாதியில் விட்டவர்களின் பெயர்களைப் பார்த்து, நாலைந்து பேரையாவது போய்ப் பாருங்கள். "ஏன் நின்னீங்க?" என்று விசாரணை போலக் கேட்க வேண்டாம், சும்மா போய் உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பில் யாரோடு மனம் விட்டுப் பேச முடிந்தது என்று அவர்களே சொல்வார்கள். பேரவையில் இருப்பவர்களைவிட இந்த விஷயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், என் மனம் அந்தச் சகோதரியின் பக்கம்தான் போகிறது. ஐந்து வருடம் உதவியாக இருந்தவர். முக்கியமாக, அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர். "தைப்பூசத்துக்கு அம்மா கூடப் போகலாமா?", "அப்பா செத்தா நான் கொள்ளி வைக்கலாமா?" என்ற கேள்விகள் நம் தமிழ் வகுப்பில் கட்டாயம் வரும். அவற்றைக் கேட்கிறவன் சட்ட விளக்கத்துக்காக மட்டும் கேட்பதில்லை, வீட்டில் அம்மா பேசாமல் இருக்கிற வேதனையோடு கேட்கிறான். அந்த நேரத்தில் அவன் தாயின் தெய்வத்தை இழிவாகப் பேசுகிறவர் தலைவராக இருக்கக் கூடாது. 1965-இல் வந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு இந்து சமயத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பிற சமயங்களில் உண்மையும் தூயதுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்கிறது. உங்கள் சகோதரி அந்த வேதனையைத் தாண்டி வந்தவர். பதில் உடனே தெரியாவிட்டாலும் ஃபாதரிடம் கேட்டு வந்து சொல்லும் பொறுமை அவருக்கு இருக்குமானால் வேறென்ன வேண்டும்?

திமொத்தேயு வசனத்தைக் காட்டியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த அதிகாரம் திருச்சபைக் கண்காணிப்பாளரைப் பற்றியது, ஆயர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக மனம் மாறியவரை அதில் வைத்தால் தலைக்கனம் வந்துவிடும் என்பது அங்கே உள்ள கவலை. ஒன்பது வருடங்களுக்கு முன் திருமுழுக்குப் பெற்று, ஐந்து வருடம் பின்வரிசையில் நின்று நாற்காலி எடுத்துப் போட்டவரைப் "புதிதாக வந்தவர்" என்பது நியாயமில்லை. வசனம் காட்டியவரிடம் திருத்தூதர் பணிகள் 18-ஆம் அதிகாரத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்பொல்லோ பெரிய பேச்சாளர், மறைநூலில் வல்லவர், தொழுகைக்கூடத்தில் துணிச்சலாகப் போதித்தவர். அவருக்கு யோவானின் திருமுழுக்கு மட்டுமே தெரிந்திருந்தது. கூடாரத் தொழில் செய்த பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் அவருடைய பேச்சைக் கேட்டார்கள். கூட்டத்தில் எழுந்து திருத்தாமல், தங்களிடம் அழைத்துப் போய்க் கடவுளின் வழியை இன்னும் தெளிவாக விளக்கினார்கள். அவ்வளவு பெரிய பேச்சாளருக்குப் பாடம் சொன்னவர்களில் ஒருவர் ஒரு பெண், அதுவும் அவர் முகம் வாடாமல் சொன்னார்.

ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது. மறைக்கல்வியாளர் பணியை நிலையான திருப்பணியாக ஏற்படுத்தி 2021 மே 10-ஆம் தேதியிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆவணம், ஆழ்ந்த நம்பிக்கை, முதிர்ச்சி, பிறரை வரவேற்கும் பண்பு, முன் அனுபவம் ஆகியவற்றோடு விவிலியம், இறையியல், அருள்பணி, கற்பித்தல் என எல்லாவற்றிலும் தகுந்த பயிற்சியையும் கேட்கிறது. உங்கள் வேட்பாளருக்குப் பயிற்சி குறைவாக இருந்தால் மறைமாவட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஃபாதரை விசாரிக்கச் சொல்லுங்கள். கட்டணமும் பெட்ரோல் காசும் பங்குக் கணக்கிலிருந்து போகட்டும். கிளினிக் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற பெண்ணிடம் "ஆண்டவருக்காகச் செய்யுங்க" என்று சொல்லி அவர் கைக்காசைக் கரைக்க வைப்பது அநியாயம்.

யார் வந்தாலும் இரண்டு விஷயங்களை ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். முன்பே திருமணமாகிப் பிரிந்தவர் பதிவு செய்தால், அந்த விஷயம் முதல் மாதமே ஃபாதரிடம் போய்விட வேண்டும். அந்தத் திருமணத்தைச் சபை நீதிமன்றம் ஆராய வேண்டியிருக்கலாம், அதற்குக் காலம் பிடிக்கும். தவக்காலம் வரை விட்டுவிட்டு, முதல் ஞாயிறு ஆயர் முன்னால் பெயர் சொல்லித் தேர்ந்துகொள்ளப்படும் சடங்குக்கு முதல் நாள் "உங்களுக்கு இந்த வருஷம் முடியாது" என்று சொன்னால், அந்த மனிதர் மனம் உடைந்து போவார். அதே நேரம் தலைவரும் தாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அடுத்தது, முஸ்லிம் ஒருவர் வந்து விசாரித்தால் வகுப்பில் உட்கார வைக்காமல் உடனே ஃபாதரிடம் சொல்ல வேண்டும். முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற அரசியலமைப்பின் 11(4)-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு இடம் தருகிறது. உங்கள் பேராக்கிலும் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது.

நியமனம் எழுத்தில் இருக்கட்டும், இரண்டு வருடம் என்று காலமும் போடுங்கள். உபதேசியார் என்றால் சாகும் வரை அவரே என்ற தோட்டக் காலத்துப் பழக்கம் அவருக்கும் பாரம், பங்குக்கும் பாரம். நியமிக்கப்படுகிறவரோடு ஒரு தம்பதியும், மலாய் நன்றாக வாசிக்கும் ஓர் இளைஞரும் இருந்தால் நல்லது. ஆலையில் ஷிஃப்ட் மாறும் நாட்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வகுப்பு நேரத்தை வையுங்கள். பாஸ்கா திருவிழிப்பில் (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு) திருமுழுக்கு கொடுத்ததும் வகுப்பைக் கலைத்துவிடாதீர்கள். தூய ஆவியார் பெருவிழா வரையாவது கூடி வரச் சொல்கிறது ஆர்.சி.ஐ.ஏ. சடங்குமுறை. நம் பங்குகளில் பலரும் காணாமல் போவது அந்தச் சில வாரங்களில்தான்.

இனி தலைமையாசிரியர் ஐயா. அவரை நீங்கள் "கழித்துவிட்டோம்" என்று நினைத்தால் பேச்சும் அப்படியே வரும். தமிழ் படிக்காமல் வளரும் பிள்ளைகளைப் பார்த்து அவருக்கு வரும் கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஒரு பள்ளியைக் காப்பாற்றப் பாடுபட்டவருக்குத்தான் அந்த வலி தெரியும். அவருடைய விவிலிய அறிவு உங்கள் பங்குக்குக் கண்டிப்பாக வேண்டும். மாதம் ஒரு மாலை, பங்கு முழுவதற்கும், விருப்பமுள்ளவர்கள் வந்து கேட்கும்படி விவிலிய விளக்கம் அவர் நடத்தட்டும். வட்டமாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லாத, அவர் பேச மற்றவர்கள் கேட்கிற கூட்டமாக அது இருக்கட்டும். அங்கே அவர் திறமை முழுசாக வெளிப்படும். அந்தச் சகோதரியும் வந்து உட்கார்ந்து கற்றுக்கொள்வார்.

இதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, ஃபாதர். பூசை முடிந்து வாசலில் நின்றபடி சொல்லக் கூடாது. உங்களை மொழிபெயர்ப்புக்கு அழைத்துக்கொண்டு ஐயாவின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, அறிவிப்பு வருவதற்கு முன்பே சொல்லட்டும். "உங்களுக்குப் பதிலா அந்தப் பிள்ளையை வெச்சிருக்கோம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவரிடம் என்ன கேட்டு வந்திருக்கிறீர்களோ, அதை முதலில் கேளுங்கள். ஐயா கோபப்படலாம், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடலாம். இரண்டு வாரம் விட்டு ஃபாதர் மறுபடி ஒரு தடவை போகட்டும். அவர் பதிலுக்காக வகுப்பைத் தள்ளிப் போடாதீர்கள். அடுத்த பாஸ்காவுக்குத் திருமுழுக்குப் பெற வேண்டியவர்கள் இந்த மாதமே பதிவு செய்ய ஆரம்பித்தால்தான் நேரம் சரியாக இருக்கும்.